சபாட்டிஸ்டா இயக்கம்: வெளியிலிருந்து வந்ததா, உள்ளிருந்து முளைத்ததா?

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் 1994 ஜனவரி 1 அன்று வெடித்த சபாட்டிஸ்டாக்களின் ஆயுதக் கிளர்ச்சியின் பிறப்புக்கு இரு விளக்கங்கள் உண்டு.

முதலாவது, நகரத்துப் புரட்சியாளர்களை முன்னிறுத்துவது. 1969இல் மான்டெர்ரே நகரில் தொடங்கிய ‘தேசிய விடுதலைப் படைகள்’ என்ற கொரில்லா அமைப்பு 1974இல் ராணுவத்திடம் பலத்த அடி வாங்கியது. எஞ்சியவர்கள் மீண்டும் திரண்டு, 1983 நவம்பர் 17 அன்று சியாபாஸின் லக்கன்டோன் காட்டில் சபாட்டிஸ்டா படையைத் தொடங்கினர். அன்று முகாமில் இருந்தது ஆறே பேர். அவர்களிலும் மூவர் பழங்குடியினர். படை அமைப்பும் ஆயுதப் பயிற்சியும் எங்கிருந்து வந்தன என்பதை இவ்விளக்கம் நன்றாகவே சொல்கிறது. ஆறு பேர் எப்படி ஆயிரங்களானார்கள் என்ற இடத்தில்தான் இடறுகிறது.

இரண்டாவது விளக்கம் மண்ணிலிருந்து தொடங்குகிறது. பண்ணைகளில் கூலிகளாக உழைத்த மாயா பழங்குடி மக்கள் இந்தக் காட்டுக்குள் குடியேறிச் சோளமும் காப்பியும் பயிரிட்டனர். 1972இல் அரசு ஆறு லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை லக்கன்டோன் என்ற சிறு பழங்குடியின் 66 குடும்பங்களுக்கு எழுதிக்கொடுத்தது. குடியேறியிருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே கையெழுத்தில் அத்துமீறியவர்களானார்கள். கத்தோலிக்க ஆயர் சாமுவேல் ரூயிஸின் மறைமாவட்டம் வளர்த்த உபதேசியார்கள் ஊர்களை இணைத்தனர். 1974இல் சியாபாஸின் சான் கிறிஸ்டோபல் நகரில் கூடிய பழங்குடி மாநாடு நான்கு மொழிகளில் நிலம், வணிகம், கல்வி, சுகாதாரம் பற்றிப் பேசியது. 1989இல் காப்பி விலை சரிந்தது. 1992இல் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவைத் திருத்தி நிலப் பகிர்வையே அரசு முடித்துவைத்தது. நிலம் கேட்டு மனுக்கொடுத்துக் காத்திருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது.

இரண்டாவதே வலுவானது. சபை கூடி முடிவெடுக்கும் வழக்கம் ஊர்களுடையது. நகரத்திலிருந்து வந்தவர்களின், மேலிருந்து கட்டளையிடும் முறை அதற்கு வளைய வேண்டியிருந்தது.