கேனு முகாமுக்கு எந்த ரீல்: ஸ்பின்னிங்கா, பி.சி.யா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, செம்பனை வரிசைகளுக்கிடையே ஓடும் வாய்க்காலில் மூங்கில் கழியையும் மண்புழுவையும் கொண்டு விரால் பிடிப்பது சிறுவயதிலேயே கைவந்த பழக்கம். அதே ஆர்வத்தோடு, அரிசியும் கூடாரமும் ஏற்றிய கேனு என்னும் குறுகிய துடுப்புப் படகில் பேராக்கின் செண்டரோ ஏரிக்கோ தெமெங்கோர் ஏரிக்கோ இரண்டு மூன்று நாள் முகாமாகப் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஸ்பின்னிங் ரீல் வாங்குவதா, பி.சி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் பேட்காஸ்டிங் ரீல் வாங்குவதா என்பதுதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்பின்னிங் வாங்குங்கள் என்பதே என் பதில். கரையில் நின்று வீசுபவருக்கு இதையே சொல்வேனா என்றால், சொல்ல மாட்டேன்.

ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நரம்பு சுற்றிய சுருள் அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகிறது; பி.சி.யிலோ சுருளே சுழன்று நரம்பை விடுகிறது. போலி இரையின் வேகம் குறைந்த பிறகும் சுருள் வேகமாகச் சுழன்றால், நரம்பு உள்ளேயே குவிந்து பெருஞ்சிக்கலாகிவிடும். நின்றுகொண்டு உடலைத் திருப்பி வீசும்போது கட்டைவிரலால் சுருளை அடக்கலாம். கேனுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் தலையில் தூண்டில் முள் படாதபடி பக்கவாட்டில் குறுகலாக வீச வேண்டியிருப்பதாலும், எதிர்க்காற்று இரையைத் தடுப்பதாலும், அந்த அடக்கம் தேர்ந்தவர்களுக்கே தவறுகிறது. ஐந்து முதல் பத்து கிராம் எடையுள்ள சிறு ஸ்பூன் என்னும் உலோகப் போலி இரையை ஆற்று முகத்துவாரத்தில் செபராவ் மீனுக்கு வீசும்போது, ஸ்பின்னிங்கின் மேன்மை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

ஆனால் விரால் இனத்துப் பெரிய மீனான தோமான் என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. 1970களில் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் தெமெங்கோரில் இன்றும் நீருக்கு மேலும் கீழும் நிற்கின்றன. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய தோமான், முள் தைத்த கணமே அந்த மரங்களுக்குள் பாய்ந்துவிடும். கனமான தவளை வடிவப் போலி இரையைக் குறித்த இடத்தில் இறக்குவதற்கும், தடித்த நரம்போடு மீனை முரட்டுத்தனமாகத் திருப்புவதற்கும் பி.சி. உறுதியானது. இங்கே கரையில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு: மீன் இழுத்தால் கேனுவும் கூடவே நகரும். பின்னால் இருப்பவர் உடனே துடுப்பைப் பின்னோக்கிப் போட்டு, மரங்களிலிருந்து விலகி நிற்க வேண்டும். அவர் அசட்டையாக இருந்தால் எந்த ரீலும் உதவாது. தோமானின் பற்கள் கூரியவை என்பதால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் தாய்த் தோமானைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

சுமந்து செல்வதில் பி.சி.க்கே என் வாக்கு. நரம்பைச் சுருளில் சுற்றிவிடும் ஸ்பின்னிங் ரீலின் வளைகம்பி, மூட்டைகளுக்கிடையே நசுங்கி வளைந்தால் நரம்பு சரியாகச் சுற்றாது. கெட்டித் துணியில் பொதிந்து, ரீலைத் தடியிலிருந்து கழற்றி எடுத்துச் செல்வது நல்லது. தடி ஆறரை அடி இருக்கட்டும்; அதைவிடக் குட்டையானால், படகுக்கு அடியில் பாயும் மீனின் நரம்பைக் கேனுவின் நுனியைச் சுற்றிக் கொண்டுவர முடியாது. நான்கு துண்டாகக் கழலும் தடி வசதியானது. ஒற்றைத் தடியின் நுண்ணுணர்வு அதில் சற்றுக் குறைந்தாலும், முகாமுக்கு அது போதும்.

நரம்பைப் பொறுத்தவரை, இழைகளைப் பின்னிச் செய்த, அதிகம் நீளாத பிரெய்டு இரு ரீல்களுக்குமே ஏற்றது. நைலான் நரம்பான தங்கூசி வெயிலில் நாளடைவில் பலமிழக்கும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால், மருத்துவமனை எட்டாத இடத்தில் கையில் தைத்தாலும் எளிதாகக் கழற்றலாம்.

இருவர் ஒரே கேனுவில் போவதாக இருந்தால், ஒருவர் ஸ்பின்னிங்கும் மற்றவர் பி.சி.யும் வைத்துக்கொண்டு, ஸ்பின்னிங்குக்கு நரம்பு சுற்றிய மாற்றுச் சுருள் ஒன்றையும் நீர் புகாத பையில் எடுத்துச் செல்லலாம்.