டஸ்கலூசாவின் பிரையன்ட் அருங்காட்சியகம்: இந்த ஆறு பட்டமும் அந்த ஆறு பட்டமும் ஒன்றா?

அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா நகரில், அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வரலாற்றைச் சொல்லும் பால் பிரையன்ட் அருங்காட்சியகம் 1988இல் திறக்கப்பட்டது. இங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர் பெயரில் தனி அருங்காட்சியகமா என்று வியப்பவர்கள், பிரையன்ட்டின் கட்டம்போட்ட தொப்பியை வாட்டர்ஃபோர்ட் படிகத்தில் அப்படியே வடித்து வைத்திருப்பதைப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்களின் பக்தி எத்தகையது என்று புரிந்துகொள்வார்கள்.

ஆனால் தொப்பியைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பிவிடக் கூடாது. பிரையன்ட் 1958 முதல் 1982 வரை அலபாமாவுக்குப் பெற்றுத் தந்த தேசியப் பட்டங்கள் ஆறு; பின்னாளில் அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் 2007 முதல் 2023 வரை பெற்றுத் தந்தவையும் ஆறு. எண்ணிக்கை ஒன்றுதான், எடை ஒன்றல்ல என்பது என் கருத்து.

பிரையன்ட் காலத்தில் பட்டம் யாருக்கு என்பதைப் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்து முடிவு செய்தார்கள். 1964இல் வாக்குகள் எண்ணப்பட்டு அலபாமாவுக்குப் பட்டம் கிடைத்த பிறகுதான் ஆரஞ்சு பௌல் ஆட்டம் நடந்தது (பௌல் என்பது வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின், பருவத்தின் இறுதியில் நடக்கும் சிறப்பு ஆட்டம்). அதில் டெக்ஸஸிடம் 21-17 என்று தோற்றார்கள், பட்டம் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. 1973இலும் அதே கதைதான்: பயிற்சியாளர்களின் வாக்கில் முதலிடம் கிடைத்தபின், நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அதே வாக்குமுறை பிரையன்ட்டுக்கு அநீதியும் செய்தது. 1966இல் ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்ற அலபாமாவை மூன்றாம் இடத்தில் நிறுத்திவிட்டு, தமக்குள் 10-10 என்று சமன் செய்துகொண்ட நோட்டர் டேமையும் மிச்சிகன் ஸ்டேட்டையும் அதற்கு மேலே வைத்தார்கள்.

சேபனின் ஆறு பட்டங்களும் இறுதி ஆட்டத்தில் களத்தில் வென்றவை. அங்கும் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இல்லாமலில்லை: 2011இல் சொந்த ஊரில் எல்எஸ்யூவிடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி) 9-6 என்று தோற்ற அணிக்கு, இறுதி ஆட்டத்தில் அவர்களையே மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. கிடைத்த வாய்ப்பில் 21-0 என்று வென்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்எஸ்யூவுக்கு அவர் 2003இல் பெற்றுத் தந்த பட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் ஏழு.

வெற்றிக் கணக்கைப் பார்த்தால், அலபாமாவில் பிரையன்ட் 232 வெற்றி, 46 தோல்வி, 9 சமன். சேபன் களத்தில் 206 வெற்றி, 29 தோல்வி. 2007ஆம் ஆண்டின் ஐந்து வெற்றிகளைப் பின்னர் விதிமீறலுக்காக நீக்கியதால், அதிகாரபூர்வக் கணக்கு 201. சமன் என்பதே 1996இல் கூடுதல் நேர ஆட்டம் வந்தபின் ஒழிந்துவிட்டது. உதவித்தொகை பெறும் வீரர்களின் எண்ணிக்கைக்கு நாடு தழுவிய உச்சவரம்பு 1973இல்தான் வந்தது. சேபனோ தம் காலம் முழுவதும் உதவித்தொகைக்கு 85 பேர் என்ற வரம்புக்குள்ளேயே அணியை நடத்தினார். ஆகவே பட்டங்களின் தரத்தில் என் வாக்கு சேபனுக்கே.

ஆனால் பிரையன்ட்டிடம் நான் வியப்பது வேறொன்று. 1967 முதல் எட்டுப் பருவங்களில் ஒரு பௌல் ஆட்டத்தைக்கூட வெல்லாதவர், இடையில் 1971இல் தாக்குதல் முறையையே, பந்தை ஏந்தி ஓடுவதை நம்பும் விஷ்போன் என்ற அமைப்புக்கு மாற்றி, அதே ஆண்டில் கறுப்பின வீரர்களையும் முதன்முறையாகக் களமிறக்கி, 1978இலும் 1979இலும் மீண்டும் பட்டம் வென்றார்.

அருங்காட்சியகத்தை அவசரமில்லாமல் பார்க்க விரும்புவோர் ஆட்ட நாளைத் தவிர்ப்பது நல்லது. வெளியே வந்தபின், பல்கலைக்கழக அரங்கின் முன் நிற்கும் பயிற்சியாளர் சிலைகளையும் பார்த்துவிடுங்கள். பிரையன்ட், சேபன் இருவருமே அங்கு நிற்கிறார்கள். அரங்கின் பெயரில் பிரையன்ட் இருக்கிறார்; 2024 முதல் உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்குச் சேபனின் பெயர்.