ஸ்ரேர்லிங் கோட்டை எலும்புகள் பற்றிய கட்டண உரை: 500 ரூபாவுக்குத் தகும்

நல்லூரில் ஒரு தனியார் மண்டபத்தில் மாதந்தோறும் நடைபெறும் படக்காட்சி உரைக்குச் சென்ற சனிக்கிழமை போயிருந்தேன். கட்டணம் ஆளுக்கு 500 ரூபா. பிளேன்ரீயும் வடையும் அதற்குள் அடக்கம். ஸ்கொட்லாந்தின் ஸ்ரேர்லிங் கோட்டையில், மறைந்துபோன இடைக்காலச் சிற்றாலயம் ஒன்றின் தரைக்குக் கீழே 1997ஆம் ஆண்டு வெளிப்பட்ட எலும்புக்கூடுகளே அன்றைய பொருள்.

உரையாளர் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லாமல், இருபதுகளின் நடுவில் இறந்த ஓர் ஆணின் எலும்புக்கூட்டையே நாற்பது நிமிடம் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எலும்பின் விளிம்பு உருண்டு மூடியிருந்தால் அது ஆறிய காயம், வெட்டு கூராகவே நின்றால் அதனோடு உயிர் போயிருக்கிறது என்பதைப் பெருப்பித்த படங்களில் காட்டியபோது, அந்த மனிதர் ஒரு சண்டையில் மண்டையில் அடிபட்டுத் தப்பிப் பிழைத்து, பின்னர் இன்னொரு சண்டையில் வாள்வெட்டில் வீழ்ந்த கதை எவருக்கும் விளங்கியது. பல்லின் கடினமான மேற்படையான பல்மிளிரி சிறுவயதில் உருவாகிப் பின்னர் மாறுவதில்லை என்பதால், அதிலுள்ள சமதானிகளை (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்களை) அளந்து அவர் எந்தப் பகுதித் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று ஆய்வாளர்கள் தேடிய முறையையும் பொறுமையாகச் சொன்னார். மண்டையில் இரண்டு சதுரத் துளைகளோடு கிடந்த பெண்ணைப் பற்றி ஒரேயொரு படம்தான். அவருக்கு இன்னும் பத்து நிமிடமாவது ஒதுக்கியிருக்கலாம்.

குறை துண்டுப்பிரசுரத்தில்தான். 'வீரரின் பெயர் தெரிந்துவிட்டது' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கோட்டை 1336 முதல் 1342 வரை ஆங்கிலேயரின் கையில் இருந்ததையும், 1341இல் இறந்த சேர் ஜோன் டி ஸ்ரிச்லி என்பவரைப் பற்றிய பதிவையும் பொருத்திப் பார்த்தே, அவராக இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. உரையாளர் அந்த 'இருக்கலாம்' என்பதை விடாமல் சொன்னார், அச்சடித்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

1980இல் ஆனைக்கோட்டையில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்கால அடக்கம் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஒதுக்கப்பட்டது எனக்கு ஏமாற்றமே. ஸ்ரேர்லிங்கில் எலும்பு இருந்தது, பெயரைக் கடதாசிகளில் தேடினார்கள். இங்கேயோ 'கோவேத' என்று வாசிக்கப்படும் பிராமி எழுத்துகளுடன் முத்திரையே எலும்புக்கூட்டோடு கிடைத்தது. அது இறந்தவரின் பெயரா, பட்டமா என்பதை விவாதிக்க இதைவிடப் பொருத்தமான மேடை எது?

மின்விசிறிகள் போதாது, பின்வரிசைக்கு ஒலி தெளிவில்லை. கேள்வி நேரம் பத்து நிமிடம் மட்டுமே. அதில் முன்வரிசை அம்மா ஒருவர், "பெயர் தெரிஞ்சாப் பிறகு சொந்தக்காரரைத் தேடினவையோ, தம்பி?" என்று கேட்டார். நிலத்தில் எலும்பு கண்டால் முதலில் இதைத்தான் கேட்கும் ஊர் இது. உரையாளர் சற்று நேரம் பேசாமல் நின்றார். அதற்குள் மண்டபத்தை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதாக ஏற்பாட்டாளர் வாசலில் வைத்துச் சொன்னதால், இரண்டு இருக்கைகளுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.