சீகேனோடு ஆறு ஆண்டுகள்: ஒரு நகரத் தரவுத் தளத்தை நடத்திய அனுபவம்

ஒரு நகர நிர்வாகத்தின் திறந்த தரவுத் தளத்தை, அதாவது அதன் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் இணையதளத்தை, கட்டி, ஆறு ஆண்டுகளாக நடத்திவரும் சிறிய குழுவில் நான் இருக்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் சீகேன் (CKAN). தரவுக் கோப்புகளைப் பட்டியலிட்டு, தேடவும் இறக்கிக்கொள்ளவும் வைப்பது அதன் வேலை. முதல் ஆண்டிலேயே இதை எழுத உட்கார்ந்திருந்தால், எப்படி நிறுவுவது, கூடுதல் வசதிக்கு எந்த நீட்சியைச் சேர்ப்பது என்பதிலேயே பாதிக்கு மேல் போயிருக்கும். இன்று அதற்குச் சில பத்திகள் போதும். வெளியே இருக்கும் ஒருவர் தளத்தில் ஒரு தவறைக் கண்டுபிடித்தால், அந்தத் தகவல் எந்த வழியாக உரிய துறைக்குப் போய்த் திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறது? இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு தளத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சீகேனை எடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. திறமூல மென்பொருள், பைதான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. 2010-இல் தொடங்கிய பிரிட்டன் அரசின் தரவுத் தளம் இதில்தான் ஓடியது. அமெரிக்க அரசின் டேட்டா.கவ் தளமும் பின்னர் இதற்கு மாறியது. இவ்வளவு பெரிய பளுவைத் தாங்கியது நம் நகரத்தையும் தாங்கும் என்று நம்பினோம், அது சரியாகவே இருந்தது. சோக்ராட்டா போன்ற சந்தா சேவைகளையும் பார்த்தோம். அவற்றில் சர்வர் கவலை கிடையாது, வரைபடமும் விளக்கப்படமும் கையோடு வரும். பராமரிக்க ஓர் ஆள்கூட இல்லாத நிர்வாகம் என்னிடம் கேட்டால் அந்த வழியைத்தான் சொல்வேன். எங்களிடம் பைதான் தெரிந்த இரண்டு பேர் இருந்ததால் சீகேன் பக்கம் போனோம்.

நிறுவுவது கடினமில்லை. தரவைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ், தேடலுக்குச் சோலர், பின்னணி வேலைகளுக்கு ரெடிஸ், மூன்றையும் டாக்கர் என்ற கருவியில் எழுப்பினால் ஒரு நாளில் முதல் பக்கம் வந்துவிடும். சிரமம் பதிப்பு மாறும்போதுதான். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. சீகேன் 2.8 பைதான் 2-இல் மட்டுமே ஓடும். 2.9 இரண்டிலும் ஓடியது, 2.10-இல் பைதான் 3 மட்டும்தான். மூல மென்பொருள் ஒழுங்காகவே மாறியது. நாங்கள் ஆசைப்பட்டுச் சேர்த்திருந்த நீட்சிகள்தான் ஒவ்வொன்றாக நின்றன. சிலவற்றை எழுதியவர்கள் எப்போதோ கைவிட்டிருந்தார்கள், நாங்களே உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஒரு நீட்சியைச் சேர்க்கும் முன் அதன் கடைசி மாற்றம் எப்போது நடந்தது என்று பாருங்கள். அது இல்லாமல் தளம் ஓடுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

தளத்தில் ஏற்றும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பின் உள்ளடக்கத்தை டேட்டாஸ்டோர் என்ற தரவுத்தளத்துக்குள் கொண்டுபோய், நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் ஏபிஐ வழியாக வேண்டிய பகுதியை மட்டும் கேட்க வைப்பது சீகேனில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. அதைச் செய்ய முதலில் டேட்டாபுஷர் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். அது கோப்பின் தொடக்கத்தைப் பார்த்து, இந்த நெடுவரிசை எண், இது தேதி என்று ஊகிக்கும். தொடக்கம் முழுக்க எண்ணாக இருந்து, வெகு கீழே ஓர் இடத்தில் யாரோ ‘அளக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். அளவெடுக்கப் போனவர் நேர்மையாக எழுதிய குறிப்பு அது. அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் எக்ஸ்லோடர் என்ற கருவிக்கு மாறினோம். அது எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே ஏற்றிக்கொள்ளும். எது எண், எது தேதி என்று தரவு அகராதியில் நாம் பின்னர் சொல்லலாம். வேகமும் அதிகம். இப்போது தொடங்குபவர்கள் நேராக எக்ஸ்லோடரில் தொடங்கலாம்.

எக்செல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறைகளில் வேலை அதில்தான் நடக்கிறது. ‘007’ என்ற வார்டு எண் அதில் திறந்து சேமித்ததும் 7 ஆகிவிடும். அதன்பின் வார்டு எல்லை வரைபடத்தோடு பொருந்தாது. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று கோப்பைத் தயாரித்தவரே சில மாதம் கழித்துச் சொல்ல முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவத்தைக் கட்டாயமாக்கினோம். ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உள்ள கோப்புகளை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தாலும், தொடக்கத்தில் அதைக் காட்டும் பாம் என்ற குறி இல்லாவிட்டால் எக்செல் அதைக் குப்பை எழுத்துகளாகக் காட்டக்கூடும். அப்படி வந்த புகார்கள் ஏராளம். குறியைச் சேர்த்தால் சில நிரல்களில் முதல் நெடுவரிசையின் பெயர் கெட்டுப்போகிறது. இரண்டு வகைப் பயனாளிகளும் எங்களுக்கு வேண்டியவர்கள் என்பதால் இரண்டு இணைப்புகளாகக் கொடுத்தோம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்வேன். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாள் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. அந்த வரம்பில் முட்டிக்கொண்டு 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. தொற்று வந்தவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. கோப்பு வடிவத்தைப் பற்றி நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அது ஒன்றே போதும்.

இப்போது தெருவிளக்குக் கதைக்கு வருகிறேன். தளம் தொடங்கிய கொஞ்ச காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுதினார். விளக்குக் கம்பங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் சில கம்பங்கள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நிற்கின்றன என்றார். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாக இருந்தால் புள்ளி அங்கேதான் விழும். இடத்தைக் குறிக்காமல் விட்டால் அந்தத் துறையின் மென்பொருள் காலியாக விடாமல் பூஜ்யத்தை நிரப்பிவிடுகிறது. இன்னும் சில கம்பங்களில் இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும் என்கிறது 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற தர ஆவணம். பேச்சிலோ அட்சரேகையைத்தான் நாம் முதலில் சொல்வோம்.

நாங்கள் ஆர்வமாக அன்றே கோப்பைத் திருத்தி ஏற்றிவிட்டோம். மாணவருக்கு நன்றி சொல்லிப் பதிலும் போட்டோம். அடுத்த மாதம் துறையிலிருந்து புதிய கோப்பு வந்தது. அதே கம்பங்கள் மறுபடியும் கடலில். மறுபடியும் திருத்தினோம். மூன்றாவது மாதம்தான் உறைத்தது. நாங்கள் திருத்திக்கொண்டிருந்தது நகலை. அதைவிட மோசம், துறை ஒரு கணக்கும் தளம் வேறொரு கணக்கும் காட்ட ஆரம்பித்திருந்தன. பழுது பார்க்கப் போகும் வண்டி துறையின் கணக்கைத்தான் நம்பிப் போகும்.

தெருவிளக்குத் துறையில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். “அது எங்க சாஃப்ட்வேர்லயே அப்படித்தாங்க வருது. தப்புன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையே” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. சொல்வதற்கு யாருக்கும் ஒரு வழியே இருக்கவில்லை. வெளியே இருந்து வந்த திருத்தங்கள் எங்கள் மின்னஞ்சலோடு நின்றிருந்தன.

அன்றிலிருந்து விதியை மாற்றினோம். தளத்தில் உள்ள கோப்பை நாங்கள் கையால் தொடுவதில்லை. ஒவ்வொரு தரவுத்தொகுப்புக்கும் துறையில் பொறுப்பான ஒரு பதவி இருக்க வேண்டும். ஆளின் பெயரை எழுதினால் மாற்றலாகிப் போனதும் அறுந்துவிடுகிறது, அதனால் பதவியை எழுதுகிறோம். பக்கத்தில் உள்ள ‘தவறு இருக்கிறது’ பொத்தானை அழுத்தினால் அந்தப் பதவிக்கும் எங்களுக்கும் சேர்ந்தே கடிதம் போகும். திருத்தும் வரை அந்தக் குறிப்பு பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். இந்தக் கடைசி விதிக்குத் துறைகளில் பெரிய எதிர்ப்பு இருந்தது. குறையை நாமே ஏன் விளம்பரப்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். தெரிந்த தவறை மறைத்து வைத்திருக்கும் கோப்பை நம்பி ஒருவர் ஒரு முடிவெடுத்தால் அதற்கு யார் பொறுப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒத்துக்கொள்ள வைக்கப் பல கூட்டங்கள் ஆயின. இந்த வழியைக் கட்ட நாங்கள் எழுதிய நிரல் கொஞ்சம்தான். பேசிய நேரம் மிக அதிகம்.

இன்னொரு பாடம் முகவரி. ஒரு துறை மாதந்தோறும் பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சீகேனில் அப்படிச் செய்தால் புதிய கோப்புக்குப் புதிய அடையாள எண் வரும், பழைய இணைப்பு செத்துவிடும். இருக்கும் கோப்பையே மாற்றி ஏற்றினால் எண் மாறாது. இந்தச் சிறு வித்தியாசம் தெரியாததால், குப்பை வண்டி வரும் நேரத்தைக் காட்டிய ஒரு தன்னார்வலரின் செயலி மாதாமாதம் நின்றுபோனது. அவர் பொறுமையாக மூன்று முறை சரிசெய்தார், நான்காவது முறை விட்டுவிட்டார். அவரை இழந்தது எங்கள் தவறு. நெடுவரிசையின் பெயரை மாற்றுவதும் இதே வகைதான். இப்போது மாற்றம் தேவைப்பட்டால் முன்கூட்டியே அறிவித்து, பழைய கோப்பையும் சில மாதம் சேர்த்தே வெளியிடுகிறோம்.

பேருந்துத் தரவு நன்றாக நடக்கிறது. வழித்தடத்தையும் நேரத்தையும் எழுதும் ஜிடிஎஃப்எஸ் வடிவம் 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. இன்று எங்கே போனாலும் செயலிகளுக்கு அது புரியும். இரண்டு எச்சரிக்கை மட்டும். நள்ளிரவைத் தாண்டி ஓடும் பேருந்துக்கு அதில் 25:30 என்று எழுதுவது சரியான முறை. பார்த்ததும் தவறென்று யாரோ 01:30 ஆக்கிவிடுவார்கள், சேவை குழம்பிவிடும். அடுத்தது, நாட்காட்டிக் கோப்பில் முடிவுத் தேதி இருக்கும். அது கடந்துவிட்டால் பேருந்து சாலையில் ஓடிக்கொண்டிருக்கும், செயலியில் மட்டும் காணாமல் போயிருக்கும். அந்தத் தேதிக்கு முன்கூட்டியே நினைவூட்டும் ஏற்பாட்டை முதல் நாளே செய்யுங்கள்.

அந்தரங்கம் பற்றி எனக்குப் பயம் உண்டு, அந்தப் பயம் தேவை என்றே நினைக்கிறேன். 2014-இல் நியூயார்க் டாக்சிப் பயணங்களின் தரவு வெளியானது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். வண்டி எண்களையும் ஓட்டுநர் உரிம எண்களையும் எண்ணை வேறொரு எழுத்துக்கோவையாக மாற்றும் எம்டி5 முறையில் மறைத்திருந்தார்கள். ஆனால் அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குள் அடங்குபவை. சாத்தியமான எல்லா எண்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டால் மறைப்பு கலைந்துவிடும், சில மணி நேரத்துக்குள் கலைந்தும்விட்டது. எங்கள் பொதுமக்கள் புகார்த் தரவை வெளியிடும் முன் விளக்கப் பகுதியைப் படித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர், கைபேசி எண், யாருக்கு என்ன நோய் என்பதுவரை மக்கள் எழுதியிருந்தார்கள். அந்த நெடுவரிசையை முழுவதுமாக எடுத்துவிட்டோம். புகாரின் இடத்தையும் வீட்டு வாசலில் வைக்காமல் தெரு அளவில் நிறுத்தினோம். ஆய்வாளர்கள் சிலருக்கு வருத்தம்தான். அவர்கள் கேட்பது நியாயமான காரணத்துக்காக என்று தெரிந்தும் மறுத்தேன், இன்றும் மறுப்பேன்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. புதிய தரவுத்தொகுப்பைச் சேர்க்கும்போது ‘உரிமம் குறிப்பிடப்படவில்லை’ என்ற தேர்வும் பட்டியலில் இருக்கும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் அந்தத் தரவை யாரும் தைரியமாகப் பயன்படுத்த முடியாது. பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி பை 4.0 உரிமத்தை நாங்கள் வைத்தோம். எல்லோரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தன்னார்வலர்கள் எங்கள் தரவை அதில் சேர்க்க வேண்டுமென்றால் அந்த உரிமம் போதாது, தனியாக ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும். கேட்டார்கள், கொடுத்தோம்.

தளத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதில் நான் எதிர்பாராதது ஒன்று. செயலி எழுதுபவர்களும் பத்திரிகையாளர்களும் வருவார்கள் என்று நினைத்தேன், வந்தார்கள். ஆனால் அன்றாடம் வருபவர்கள் நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கும் மற்ற துறையினர். சாலை தோண்டப் போகும் பொறியாளர் குழாய் எங்கே போகிறது என்று அடுத்த துறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் இருந்தது. இப்போது அவர் தளத்தைத் திறக்கிறார். அவருக்குத் தவறு தெரிந்தால் அவரும் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறார்.

அந்தத் தெருவிளக்குத் துறையின் பதிவுப் படிவம் இப்போது பூஜ்யத்தை ஏற்பதில்லை. இடம் தெரியாவிட்டால் காலியாக விடச் சொல்கிறது. நகர எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால் சேமிக்காது. அதைக் கேட்டு வாங்கியது நாங்கள் இல்லை, அந்த அம்மா. கடலில் நின்ற கம்பங்களைச் சொன்ன மாணவர் படிப்பை முடித்துவிட்டார், ஆனாலும் தளத்தைப் பார்ப்பதை விடவில்லை. போன மாதம் ஒரு கம்பம் தவறான தெருவில் இருப்பதாகப் பொத்தானை அழுத்தியிருந்தார். மதியத்துக்கு மேல் நான் பதில் எழுத உட்கார்ந்தபோது, மூலப் பதிவேட்டில் அது திருத்தப்பட்டிருந்தது. இரவு ஏற்றம் முடிந்ததும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கம்பம் சரியான தெருவுக்கு வந்திருந்தது.