இருக்கைக்குப் பணம் வாங்கி நிற்க வைத்த தீம் பார்க் பஸ்: 228 வெள்ளி போச்சு, உஷார்!

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக பஸ் டிக்கெட் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ஆறு பேருக்கு, தலைக்கு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மொத்தம் 228 வெள்ளி கொடுத்து "சீட் கேரண்டி" என்று எழுதி வாங்கினோம். போகும்போது பாதித் தூரம், வரும்போது முழுத் தூரம், என் அம்மா நின்றுகொண்டு வந்தார். சனிக்கிழமை நடந்தது. இன்று வியாழன். இதுவரை ஒரு காசு திரும்பி வரவில்லை, ஒரு மன்னிப்பும் வரவில்லை. கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் விமான டிக்கெட், விசா, சுற்றுலா எல்லாம் செய்து தருகிற ஒரு சின்னப் பயணக் கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். சிங்கப்பூர் எல்லையில் இருக்கிற துவாஸ் வழியாகப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே மூச்சில் உட்கார்ந்து போகிற பயணம் கிடையாது. துவாஸ் சோதனைச்சாவடியில் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) காட்டி முடித்துத் திரும்ப ஏற வேண்டும். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற, 1998இல் திறந்த இரண்டாம் பாலம், நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, அதைத் தாண்டியதும் மலேசியப் பக்கத்தில் மறுபடி இறங்கி மறுபடி ஏற வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது இதே கதை தலைகீழாக. சுற்றுலா பஸ்ஸின் படிகளோ நம் ஊர்ப் பொதுப் பேருந்து மாதிரி தாழ்வாக இருக்காது, செங்குத்தாக ஏறும். ஆகவே முன் வரிசை இருக்கை எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அது கிடைக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவை அழைத்துப் போயிருக்கவே மாட்டோம். இதைக் கடையில் முதல் வாக்கியமாகச் சொன்னேன்.

கடையில் டிக்கெட் விற்ற பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "அக்கா, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று அவ்வளவு மரியாதை. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது, எந்தக் கால், படி ஏறுவாரா என்று அவனே விசாரித்தான். மேசைக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்தான். பஸ் இருக்கைகளின் படம், கட்டம் கட்டமாக, எண் போட்டிருந்தது. அழிக்கக்கூடிய மார்க்கர் பேனாவால் முதல் வரிசை நான்கையும் இரண்டாவது வரிசையில் இரண்டையும் வட்டம் போட்டான். ஒரு வட்டம் சாய்ந்துவிட்டது. கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு ஒழுங்காகத் திரும்பப் போட்டான். "இது அம்மாவுக்கு, படி ஏறின உடனே வலது பக்கம். நானே பஸ் ஆப்பரேட்டர்கிட்டச் சொல்லி வெச்சிடறேன்" என்றான். "எங்க அம்மாவுக்கும் முட்டி வலிதான் அக்கா" என்று வேறு சொன்னான். என் வீட்டுக்காரர் கைபேசியை எடுத்து, வங்கிக் கணக்குக்கு உடனே பணம் போகிற பேநவ்வில் 228 வெள்ளி அனுப்பினார். நீல நிற ரசீதில் ஆறு இருக்கை எண்களும், கீழே "சீட் கேரண்டி" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

சனிக்கிழமை காலை பஸ் வந்தபோதே முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம், சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு. நான் ரசீதைக் காட்டினேன். அந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் தன் கைபேசியில் எடுத்து வைத்திருந்த ரசீதைக் காட்டினார். அதே கடை, அதே நீலம், அதே முதல் வரிசை எண்கள், அதே கையெழுத்து. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே இருக்கையை இரண்டு குடும்பங்களுக்கு விற்றிருக்கிறான்!

ஓட்டுநரிடம் கேட்டால், "ஃப்ரீ சீட்டிங், ஃப்ரீ சீட்டிங்" என்று கையை உள்ளே காட்டினார். அவரிடம் எந்தப் பட்டியலும் இல்லை. இருக்கை எண் என்று ஒரு ஏற்பாடே அந்த பஸ்ஸில் கிடையாது. முதலில் ஏறியவர் முதலில் உட்காரலாம், மற்றவர்கள் நிற்கலாம். எங்களுக்குக் கடைசி வரிசையில் மூன்று இடம் கிடைத்தது. அம்மாவை அவ்வளவு தூரம் பின்னால் நடத்திப் போக முடியாமல் தவித்தோம். அந்த சுவா சூ காங் அண்ணனே எழுந்து தன் இடத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு துவாஸ் வரை நின்றார். அவரும் காசு கொடுத்தவர்தான். அவருக்கு என் நன்றி.

துவாஸில் எல்லாரும் இறங்கி, வரிசையில் நின்று, முடித்துவிட்டு வருவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சில இருக்கைகளில் சாப்பாட்டுக் கடை மேசையில் வைப்பதுபோல டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருந்தார்கள். மெதுவாக நடந்து வந்த என் அம்மா கடைசியில் ஏறினார். பாலத்தின் மேல் பஸ் நகர்ந்து நகர்ந்து போன நேரம் முழுக்க நின்றார்.

திரும்பும்போது இன்னும் மோசம். காலையில் வந்ததைவிட அதிகம் பேர் ஏறினார்கள். வேறு எந்த பஸ்ஸில் வந்தவர்களோ, யாருக்கும் தெரியாது. எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு இடம்கூட இல்லை. இருட்டிவிட்டது, பிள்ளைகள் களைத்துத் தூங்கி விழுகிறார்கள், அடுத்த பஸ் இல்லை. ஏறாமல் என்ன செய்வது?

நிற்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடையில் என்னிடம் "பஸ்ஸுன்னா நிக்கறதும் சகஜம்தானே அக்கா" என்றான் பாவி. 138ஆம் எண் பொது பஸ்ஸில் விலங்கியல் தோட்டத்துக்கு நின்றுகொண்டே போயிருக்கிறோம். செந்தோசா தீவுக்கு ரயிலிலும், அந்தத் தீவுக்குள் ஓடும் இலவச பஸ்ஸிலும் நெரிசலில் நின்றிருக்கிறோம், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவை ஆட்கள் நிற்பதற்காகவே செய்த வண்டிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, தொங்கும் கைப்பிடி உண்டு, தரை தாழ்வு, நிற்க அகலமான இடம். அதிலேயே மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. சுற்றுலா பஸ் உட்கார்ந்து போவதற்கு மட்டும் செய்தது. நடைபாதையில் ஒரு ஆள் நேராக நின்றாலே அடுத்தவர் தாண்ட முடியாது. பிடிக்கக் கம்பி இல்லை, இருக்கையின் முதுகு மூலைதான். அதுவும் விரைவுச்சாலையில் ஓடுகிற வண்டி. உட்கார்ந்தவர் இருக்கைவாரை (சீட் பெல்ட்) போட்டுக்கொள்ளலாம், நிற்கிறவருக்கு என்ன இருக்கிறது? மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் பயணிகள் இருக்கைவார் அணிவது கட்டாயம், அணியாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். அதற்கு முந்தைய மாதம்தான் கிரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். இவ்வளவும் தெரிந்த காலத்தில் 71 வயது அம்மாவை நடைபாதையில் நிற்க வைக்கிறார்கள். ஏற்றிக்கொண்ட ஓட்டுநரும் இதில் குற்றவாளிதான். ஆனால் விற்றவன் முதல் குற்றவாளி.

துவாஸ் தாண்டி ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு பிரேக். பெரிய விபத்து எதுவும் இல்லை, முன்னால் ஒரு கார் குறுக்கே வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் லேசாக முன்னால் சாய்ந்தார்கள். நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். அம்மா கீழே விழவில்லை, என் வீட்டுக்காரர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஆனால் அறுவை சிகிச்சை செய்த கால் திருகிவிட்டது. இருக்கை மூலையை அவர் இறுக்கிப் பிடித்த கையில் வளையல் அழுந்தி, மணிக்கட்டைச் சுற்றி சிவப்பாக இரண்டு கோடு. வீட்டுக்கு வந்தும் அது மறையவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. திங்கட்கிழமை பலதுறை மருந்தகம் போனோம், நடக்காமல் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது கடைக்காரர்களின் நாடகம். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் அனுப்பினேன், நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. திங்கள் போன் செய்தால், "ஆப்பரேட்டர்கிட்டப் பேசுங்க" என்றார்கள். ஆப்பரேட்டர் நம்பர் கேட்டேன், "அதெல்லாம் கொடுக்க மாட்டோம்" என்றார்கள். அப்புறம் "முதலாளி சென்னைக்குப் போயிருக்கார்." அப்புறம் "நீங்க போயிட்டுத் திரும்பி வந்துட்டீங்கல்ல, சேவையைப் பயன்படுத்திட்டீங்க, பணம் எப்படித் தர முடியும்?" இந்த ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாங்கியது இருக்கை. 228 வெள்ளியும் இருக்கைக்குக் கொடுத்தது. நின்று போவதாக இருந்தால் பொது பஸ்ஸில் சில வெள்ளியில் எல்லையைத் தாண்டியிருப்போமே!

செவ்வாய் அன்று நேரில் போனேன். என்னிடம் விற்ற அதே பையன் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு கணவன் மனைவி, மடியில் சின்னப் பிள்ளை. மேசைமேல் அந்த லேமினேட் தாள். முதல் வரிசையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்! நான் அந்தத் தங்கச்சியிடம் சத்தமாகவே சொன்னேன், "இதை நம்பாதம்மா, இதே சீட்டை எனக்கும் வித்தான், இன்னொருத்தருக்கும் வித்தான்." அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த ஒரு குடும்பமாவது தப்பித்தது. பையனுக்கு முகம் மாறிவிட்டது. அக்கா என்று கூப்பிட்டவன் "மேடம், வியாபாரத்தைக் கெடுக்காதீங்க, போலீசைக் கூப்பிடுவேன்" என்றான். கூப்பிடு என்றேன். கூப்பிடவில்லை. உள்ளறையிலிருந்து இன்னொருவர் வந்து, அடுத்த பயணத்துக்கு 10 வெள்ளி தள்ளுபடிச் சீட்டு தருவதாகச் சொன்னார். 228 வெள்ளிக்கு 10 வெள்ளி, அதுவும் அவர்களிடமே திரும்பச் செலவழிக்க. வாங்காமல் வந்துவிட்டேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

தீம் பார்க்கின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நுழைவுச்சீட்டை அவர்களிடமே தனியாக வாங்கினோம், அது ஒழுங்காக நடந்தது. பிள்ளைகளும் நன்றாக விளையாடினார்கள்.

இப்போது பயனீட்டாளர் சங்கத்தில் (கேஸ்) புகார் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸின் எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதோடு நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் எழுதியிருக்கிறேன். இதிலும் நடக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துப் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்கக்கூடாது, எங்களைப் போன்ற சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். சின்னப் பணம்தானே, யார் அலையப் போகிறார்கள் என்றுதான் இவர்கள் துணிகிறார்கள். நான் அலைவேன்.

சரி, சொன்னபடி சில எச்சரிக்கைகள். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம், வேகமாக எழுதுகிறேன். இருக்கை எண் கொடுத்தால் பஸ் நடத்துகிற நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அவர்களுக்கே போன் செய்து, அந்த எண் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். சோதனைச்சாவடி தாண்டியும் அதே பஸ், அதே இருக்கையா என்று எழுதி வாங்குங்கள், இதை யாரும் கேட்பதில்லை. பேநவ்வில் அனுப்பினால் பணம் உடனே அவர்கள் கைக்குப் போய்விடும், கடன் அட்டையில் கட்டினால் வங்கியிடம் முறையிடவாவது ஒரு வழி இருக்கும். பஸ்ஸில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தால் உடனே படம் எடுங்கள், வண்டி எண்ணும் தெரியட்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இந்த மாதிரி ஷட்டிலை நம்பாமல் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வேனைப் பேசிக்கொள்ளுங்கள்.

அதே கடை டிசம்பர் விடுமுறைக்கு நேற்றே முகநூலில் விளம்பரம் போட்டுவிட்டது. அதிலும் பெரிய எழுத்தில் "சீட் கேரண்டி" என்று இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் நீல நிற ரசீது வாங்கி இப்படி நின்று போனவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எல்லார் ரசீதையும் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுக்கலாம்.