பாஸ்வேர்டு பெட்டகம்: பிட்வார்டனை எடுக்கலாமா, எடுத்தால் எப்படிப் பூட்டுவது?

எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்றதும் முதலில் வருகிற கேள்வி, "எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் திருடு போகாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்: போன் தொலைந்து, லேப்டாப்பும் கையில் இல்லாத ஒரு நாளில், புதிதாக வாங்கிய போனை வைத்துக்கொண்டு உங்கள் பெட்டகத்துக்குள் உங்களால் போக முடியுமா? திருடனுக்குப் பூட்டிய கதவு உரியவருக்கும் பூட்டிக்கொள்ளும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து எது நல்ல பதில் தருகிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

நேராகத் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களுக்குப் பிட்வார்டன் என்ற மேனேஜரின் இலவசக் கணக்கே போதும். எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் வைக்கலாம், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் திறக்கலாம், மூலநிரல் பொதுவெளியில் இருக்கிறது. ஆனால் நிறுவியதும் இருக்கிற நிலையிலேயே விட்டுவிட்டால் பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும். மீதியை நாம்தான் செட் செய்ய வேண்டும்.

பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. பிட்வார்டன் புதிய கணக்குக்குக் குறைந்தது 12 எழுத்து கேட்கும். எழுத்து எண்ணிக்கையைவிட அது எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே முக்கியம். சினிமாப் பாட்டு வரி, குழந்தையின் பெயரோடு பிறந்த வருடம் என்று மனசில் தோன்றியதை வைத்தால், அது 25 எழுத்தானாலும் ஊகிக்கக்கூடியதே. பகடை உருட்டி எடுப்பது நல்ல முறை. 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். ஐந்து பகடைகளை உருட்டினால் ஒரு சொல். ஒரு சொல்லுக்குச் சுமார் 12.9 பிட் வலிமை, ஆறு சொல்லுக்கு 77 பிட்டுக்கு மேல் (ஒவ்வொரு பிட்டும் ஊகிக்க வேண்டிய வாய்ப்புகளை இரட்டிப்பாக்கும்). பகடை கையில் இல்லையென்றால் பிட்வார்டனின் ஜெனரேட்டரிலேயே 'பாஸ்ஃபிரேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஆறு சொல் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த சொற்கள் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றினால், தற்செயலாக வந்தது மெல்ல மெல்ல உங்கள் ரசனையாகிவிடும். முதலில் வந்ததையே வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் எழுத்தில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசைக்கு வைக்கலாம், ஆபத்து இருக்கிறது. 'ொ' என்ற குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. போன் கீபோர்டு ஒரு விதமாகவும் கணினிக் கீபோர்டு இன்னொரு விதமாகவும் அனுப்பி, அதை மென்பொருள் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் விட்டால், சரியான சொல்லைத் தட்டியும் கதவு திறக்காது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதிலும் ஒரு குழி உண்டு. 'வாழை' என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து எந்த ஸ்பெல்லிங் என்ற குழப்பம் வரும். அப்படி வைப்பதாக இருந்தால், எழுத்துக்கு எழுத்து காகிதத்தில் குறித்து வையுங்கள்.

ஆம், காகிதத்தில். வீட்டில் பத்திரங்களோடு இருக்கிற ஒரு தாளை இணையத் திருடன் எட்ட முடியாது. அந்தத் தாளில் நான்கு விஷயம் வேண்டும்: கணக்கு திறந்த மின்னஞ்சல் முகவரி, மாஸ்டர் பாஸ்வேர்டு, பிட்வார்டனின் இருபடிச் சரிபார்ப்புக்கான (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடோ சாவியோ கேட்பது) மீட்புக் குறியீடு, அந்த மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டும் அதன் மீட்புக் குறியீடுகளும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து, இருபடிச் சரிபார்ப்பு போடாத பிட்வார்டன் கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால், மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு போகும். மின்னஞ்சலின் பாஸ்வேர்டோ பெட்டகத்துக்குள்ளே. பெட்டகம் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சல் திறக்கப் பெட்டகம் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

மீட்புக் குறியீடு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது இருபடிச் சரிபார்ப்பை நீக்க மட்டுமே உதவும். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, நிறுவனத்திடம் கேட்டாலும் கிடைக்காது. அவர்களிடமே அது இல்லை என்பதுதான் இந்த அமைப்பின் பலமே.

இருபடிச் சரிபார்ப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஆத்தென்டிகேட்டர் ஆப்பும், ஃபிடோ2 வகைப் பாதுகாப்புச் சாவியும் (யுஎஸ்பியில் செருகுவது போன்ற சிறு கருவி) இலவசக் கணக்கிலேயே கிடைக்கின்றன. பிட்வார்டனுக்கான ஆறு இலக்கக் குறியீட்டைத் தரும் ஆப், ஏஜிஸ் போலத் தனியாக, தன் சொந்த பேக்கப்போடு இருக்கட்டும். யுஎஸ்பி சாவி வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிந்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஒற்றைச் சாவியோடு இருப்பது, தொலைக்கும் நாளுக்குக் காத்திருப்பது போல.

அடுத்தது சுற்று எண்ணிக்கை. மாஸ்டர் பாஸ்வேர்டைப் பெட்டகச் சாவியாக மாற்றும்போது பிபிகேடிஎஃப்2 என்ற கணக்கீடு பல லட்சம் முறை ஓடும். எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனை மடங்கு ஊகிப்பவனுக்குச் செலவு. புதிய பிட்வார்டன் கணக்குகளுக்கு இது 2023 முதல் 6,00,000. அதற்கு முன் திறந்தவர்கள் பெரும்பாலும் 1,00,000 அல்லது அதற்கும் குறைந்த சுற்றில் தொடங்கியவர்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு மேனேஜருக்கு நடந்த சம்பவமே சாட்சி. 2022-இல் அதன் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் நகல்களே களவு போயின. தளங்களின் முகவரிகள் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படாமல் இருந்தன. பல பழைய கணக்குகளில் சுற்று வெறும் 5,000 ஆகவே விடப்பட்டிருந்தது. நகல் கையில் இருப்பவன் அவசரப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் ஊகித்துக்கொண்டே இருக்கலாம். அப்போது உங்களைக் காப்பது மாஸ்டர் பாஸ்வேர்டின் வலிமையும் இந்த எண்ணும் மட்டுமே.

பிட்வார்டன் இணையதளத்தில் திறக்கும் பெட்டகமான வெப் வால்ட்டில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி, கீஸ் என்று போனால் இந்த எண் தெரியும். அங்கேயே ஆர்கான்2ஐடி என்ற வகைக்கு மாறலாம். இது நினைவகத்தையும் தின்பதால் கிராஃபிக்ஸ் கார்டுகளை அடுக்கி ஊகிப்பது கடினமாகும். நினைவகத்துக்கும் சுற்றுக்கும் இயல்பாகவே ஓர் அளவு இருக்கும். அதை அப்படியே விடுங்கள். ஐஃபோனில் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் ஆட்டோஃபில்லுக்கு ஒதுக்கப்படும் நினைவகம் குறைவு என்பதால், நினைவக அளவை ஏற்றினால் பெட்டகம் திறக்கும்போதே பிழை காட்டக்கூடும். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுங்கள், எல்லாக் கருவியிலும் ஆப்பைப் புதுப்பியுங்கள். மாற்றியதும் எல்லா இடத்திலும் லாக்அவுட் ஆகலாம், பயப்பட வேண்டாம்.

பழைய பாஸ்வேர்டுகளை பிரவுசரிலிருந்து கொண்டுவருவது எளிது, சுத்தம் செய்வதில்தான் கோட்டை விடுகிறார்கள். பிரவுசர் தரும் சிஎஸ்வி கோப்பில் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். டவுன்லோடு ஃபோல்டர் கிளவுடோடு ஒத்திசைந்தால் அந்தக் கோப்பு அங்கேயும் ஏறிவிடும். எனவே முதலில் ஒத்திசைவை நிறுத்தி, கோப்பை எடுத்து, பிட்வார்டனில் ஏற்றி, நாலைந்து பதிவுகளைத் திறந்து பார்த்து, பிறகு கோப்பை நிரந்தரமாக நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இரண்டு முறை ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகும். பிட்வார்டன் தானாகச் சேர்த்துவைக்காது. கடைசியாக, பிரவுசரில் சேமித்திருந்ததை அழித்து, 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' என்ற கேள்வியையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஆட்டோஃபில் சேவையாகப் பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்த பிறகும் குரோமில் வரவில்லையா? குரோமின் சொந்த செட்டிங்ஸுக்குள் 'வேறு சேவையைப் பயன்படுத்து' என்ற தேர்வு தனியாக இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.

ஆட்டோஃபில் வெறும் வசதி என்று நினைக்கிறோம், உண்மையில் போலித் தளங்களுக்கு எதிரான நல்ல காவலும் அதுதான். கண்ணுக்கு 'எல்' என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் ஒன்றாகத் தெரியலாம், பிரவுசரில் சேர்த்த பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனுக்கு அப்படித் தெரியாது. வங்கித் தளம்போலவே இருக்கிற பக்கத்தில் உங்கள் பதிவு மேலே வரவில்லை என்றால், அங்கேயே கையை எடுங்கள். தேடிக் காப்பி செய்து ஒட்டுகிற பழக்கம்தான் இந்தக் காவலை உடைக்கிறது. முகவரியை முதலில் பாருங்கள்.

'பக்கம் திறந்ததும் நிரப்பு' என்ற தேர்வு இயல்பாக அணைந்தே இருக்கும், அப்படியே இருக்கட்டும். 2025 ஆகஸ்டில் மாரெக் டோத் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், எக்ஸ்டென்ஷன் காட்டும் பரிந்துரைப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, அதன் மேல் வேறு எதையோ சொடுக்கவைத்து விவரங்களைத் திருட முடியும் என்று காட்டினார். பல பிரபல மேனேஜர்கள் அதில் அடங்கின. அதனால் எக்ஸ்டென்ஷனைத் தொடர்ந்து புதுப்பியுங்கள். குரோம் வகை பிரவுசர்களில் எக்ஸ்டென்ஷனின் தள அனுமதியை 'சொடுக்கும்போது மட்டும்' என்று வைத்தால் இன்னும் நிம்மதி. கூடுதலாக ஒரு சொடுக்கு, அவ்வளவுதான் இழப்பு.

பூட்டும் நேரம்: லேப்டாப் எக்ஸ்டென்ஷனில் 15 நிமிடம், போனில் உடனடியாக. பெட்டகத்தைச் சட்டென்று திறக்கப் பின் (PIN) எண் போடும்போது, 'பிரவுசரை மறுபடி தொடங்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்டு கேள்' என்ற டிக்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பின் எண்ணால் மட்டும் பூட்டிய சாவி கணினியின் வட்டிலேயே தங்கும். ஆப்பில் ஐந்து முறை தவறினால் வெளியேற்றிவிடும் என்பது உண்மை. வட்டை நகலெடுத்துப் போனவன் ஆப் வழியாக வரமாட்டானே. நான்கு இலக்கப் பின்னில் மொத்தமே 10,000 வாய்ப்புகள்.

கைரேகையில் இருக்கிற ஆபத்து வேறு வகை. தினமும் விரலை வைத்தே திறப்பவர் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார். போன் மாற்றும் நாளில்தான் அது தெரியவருகிறது. லேப்டாப்பிலாவது கைரேகை இல்லாமல் தட்டிப் பழகுங்கள். ஏற்கெனவே மறந்திருந்து, போனில் கைரேகையால் இன்னும் திறக்க முடிகிறதென்றால் லாக்அவுட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஏற்றுமதிக்கு மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும் என்பதால், பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து எழுதி, புதுக் கணக்கு தொடங்குவதுதான் வழி.

மற்ற மேனேஜர்கள் எங்கே நிற்கின்றன? ஒன்பாஸ்வேர்டில் இலவசக் கணக்கு இல்லை. ஆனால் மாஸ்டர் பாஸ்வேர்டோடு 34 எழுத்துள்ள ரகசியச் சாவி ஒன்றும் கலக்கிறது. அந்தச் சாவி அவர்கள் சர்வரில் இல்லாததால், பெட்டக நகல் களவு போனாலும் ஊகிப்பது நடக்காத காரியம். பலவீனமான மாஸ்டர் பாஸ்வேர்டுதான் வைப்பார் என்று தெரிந்த உறவினருக்கு இதையே சிபாரிசு செய்வோம். குடும்பத் திட்டத்தில் நிர்வகிப்பவர் மற்றவருடைய கணக்கை மீட்டுத் தரவும் முடியும். பிட்வார்டனிலும் அவசர அணுகல் (நீங்கள் நம்பும் ஒருவர் காத்திருந்து உங்கள் பெட்டகத்தைத் திறக்கும் ஏற்பாடு) உண்டு, கட்டணக் கணக்கில். காத்திருப்பு 1 நாள் முதல் 90 நாள் வரை. அழைப்பு அனுப்பி, அவர் ஏற்று, பிறகு நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். மூன்றாவது படியை மறந்தால் ஏற்பாடு செல்லாது.

கீபாஸ்எக்ஸ்சி-யில் சர்வரே இல்லை, ஒரே கோப்புதான். அதில் திருட்டுப் பயம் குறைவு, தொலைக்கும் பயம் அதிகம். போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் மாற்றினால் கிளவுட் ஃபோல்டரில் முரண் நகல் உருவாகும்; அதை நீக்காமல் இணைப்பு வசதியால் சேருங்கள். பேக்கப் ஒழுங்கு உள்ளவருக்கு மட்டும் சொல்வோம்.

பிட்வார்டனுக்கும் பேக்கப் வேண்டும். ஏற்றுமதியில் மறையாக்கம் செய்த ஜேசன் (ஒரு கோப்பு வடிவம்) இரண்டு வகை: 'கணக்குக்கு மட்டும்' என்பது அந்தக் கணக்கு போனால் குப்பை. 'பாஸ்வேர்டால் பாதுகாத்தது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்புக் கோப்புகளும், குப்பைத்தொட்டியில் இருப்பவையும், பகிர்ந்த குழுவுக்குச் சொந்தமானவையும் இந்த ஜேசனில் வராது. எடுத்த கோப்பைக் கணினியில் கீபாஸ்எக்ஸ்சி-யின் இறக்குமதி வழியாகத் திறந்து பாருங்கள். பிட்வார்டன் ஜேசனை அது படிக்கும். உங்கள் மின்னஞ்சல் பதிவு, வங்கிப் பதிவு, ஒரு ரகசியக் குறிப்பு ஆகிய மூன்றும் சரியாகத் தெரிந்தால், கோப்பை யுஎஸ்பியில் போட்டு அந்தக் காகிதம் இருக்கும் இடத்தைவிட்டு வேறு இடத்தில் வைத்துவிடலாம்.