விளக்குகள் அணையும் நகரம்: 'சிட்டி ஆஃப் எம்பர்'

மின்வெட்டு நேரத்தில் மெழுகுவத்தியைத் தேடிப் பழகிய ராயபுரத்து வீடொன்றில், பிள்ளைகளோடு அமர்ந்து 2008-இல் வெளிவந்த இந்தப் படத்தைப் பார்த்தபோது, விளக்குகள் அணையும் ஒவ்வொரு முறையும் அறையில் பேச்சு நின்றுபோனது.

இருநூறு ஆண்டுகளுக்கென்று பூமிக்கடியில் கட்டப்பட்ட எம்பர் நகரத்தில், மின்னாக்கி பழுதடைந்துவருகிறது. உணவுக் கிடங்கும் காலியாகிறது. வெளியேறும் வழியைச் சொல்லும் பெட்டியோ எப்போதோ தொலைந்துவிட்டது. சீட்டுக் குலுக்கலில் கிடைத்த வேலைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் லீனாவும் டூனும் அவ்வழியைத் தேடுகிறார்கள்.

படத்தின் உயிர் அதன் அரங்க அமைப்பே. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், பழைய கப்பல் கட்டும் தளத்தின் வண்ணம் பூசும் கூடத்திற்குள் முழுத் தெருக்களையே எழுப்பியிருக்கிறார்கள். துருவேறிய குழாய்களையும் ஒட்டுப்போட்ட உடைகளையும் மஞ்சள் ஒளியையும், காசிமேட்டுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் உடனே நம்பிவிட்டார்கள். லீனாவாக சர்ஷா ரோனன் ஓடும் ஓட்டத்திலேயே அந்த நகரத்தின் அவசரம் முழுவதும் தெரிகிறது.

மூலநாவலில் இல்லாத ராட்சத அகழெலி தேவையற்றது. மேயராக வரும் பில் முர்ரேவுக்கு இன்னும் சில காட்சிகள் கொடுத்திருக்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.